மூன்றாவது சீட்டு

ஆடி 1, வியாழன்

கோகிலவாணியை மடத்துக்குளத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். தலையாடி. கல்யாணமாகி இரண்டு மாதம் முழுசாக ஆகவில்லை, அதற்குள் பெண்டாட்டியைப் பிரித்து வைக்க ஒரு மாதம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் கல்யாணம் ஆகாதவனாகத்தான் இருப்பான்.

விருந்து பலமாக இருந்தது. ஒப்புட்டு, பச்சைப்பயிறு கடைசல், வடை. பரிமாறும்போது கோகிலா என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் பெண்களுக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

ஒரு மாதத்துக்கு இரண்டு பெட்டி எடுத்திருக்கிறாள். ஒன்று முழுக்கப் புத்தகம். பஸ்ஸில் தூக்கி வைத்தவன் நான், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. "இத்தனையும் ஒரு மாசத்துல படிச்சிருவியா?" என்றேன். "பாக்கலாமுங்க" என்றாள்.

எனக்கும் ஆடியில் வேலை இருக்கிறது. நாளை மறுநாள் வரைபடம் விரிக்க வேண்டும்.

ஆடி 2, வெள்ளி

மாடித் தகரம் காற்றுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. கல் வைத்தேன். கல்லோடு சேர்ந்து அடிக்கிறது.

ஆடி 3, சனி

தண்டபாணியின் கல்யாண மண்டபத்தில் ஆடி மாதம் ஈ ஓட்டக்கூட ஆள் இருக்காது. முகூர்த்தம் கிடையாது. அதனால்தான் ஆறு வருடமாக எங்கள் ஆட்டம் அங்கே நடக்கிறது. பந்திக் கூடத்தில் நான்கு சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே வரைபடத்தை விரித்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆடுவோம். இடையில் கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தண்டபாணி இடுப்பில் செருகிக்கொள்வான்.

ஆட்டத்தின் பெயர் ஆயிரமாண்டு. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு நாடு, நடுவில் ஒரு கடல். ஒரு ஞாயிறு என்பது இருநூற்றைம்பது ஆண்டு. புளியங்கொட்டை என்றால் மக்கள், சோடா மூடி என்றால் நகரம். பொருள் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் எழுத்து, பாசனம், கப்பல், மருத்துவம், சட்டம் என்று ஒவ்வொன்றாக வாங்கலாம். ஒரே பொருள் நிறையச் சேர்ந்தால்தான் மதிப்பு. ஆகவே எல்லாரும் எல்லாரிடமும் பண்டமாற்று செய்தே தீர வேண்டும். அதற்குத்தான் சந்தை.

சந்தை விதி நான் போட்டது. ஒரு தடவைக்கு மூன்று சீட்டு மாற்ற வேண்டும். இரண்டு சீட்டு என்னவென்று உண்மையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவதைப் பற்றிப் பொய் சொல்லலாம். கட்டுக்குள் வெள்ளம், பஞ்சம், கலகம், கொள்ளைநோய் என்று கேடுகள் கிடக்கின்றன. சந்தை மூடும் மணி அடிக்கும்போது கேடு யார் கையில் இருக்கிறதோ, அது அவர் நாட்டில் இறங்கும். ஆயிரமாண்டின் உயிரே அந்த மூன்றாவது சீட்டில்தான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் என்னை அடிக்க இந்த உடுமலையில் ஆள் இல்லை.

பழைய வரைபடத்தை எலி கடித்துவிட்டது. புதிதாக வரைய ஒரு பெரிய ப்ளெக்ஸ் வேண்டும். வீட்டில் எங்கள் கல்யாண பேனர் சுருட்டிக் கிடந்தது, பன்னிரண்டடிக்கு எட்டடி. பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. நான் சர்வேயர், அளவு பிசகாமல் கரையும் மலையும் ஆறும் போட்டுவிட்டேன். முன்பக்கம் மேசையோடு அமுங்கிக் கிடக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆடி 4, ஞாயிறு

முதல் நாள். பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் கிடையாது. போன வருடம் ஆடிய ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டதால் இந்த வருடம் அந்த இடத்துக்குக் கோகிலா. ஆனி மாதமே ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். "வா" என்றேன். "நல்லா இருக்கீங்களா?" என்றாள். அடுத்த வீட்டுக்காரரை விசாரிக்கிற மாதிரி. எங்கள் ஆபீஸ் தபால் பிரிவு ரங்கதுரை என்னை இடித்து, "ஏண்டா, ஊரே ஆடிக்குப் பிரிச்சு வெக்குது, நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மண்டபத்துல சந்திக்கறீங்களாக்கும்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கோகிலா சிரிக்கவில்லை. ரங்கதுரையும் அவளைப் பார்த்ததும் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கு எப்போதும் வாயு.

நடுவர் ஆக்னஸ் டீச்சர். பள்ளியில் வரலாறு எடுக்கிறவர். பித்தளை மணியை மேசையில் வைத்துவிட்டால் அவர் சொன்னதுதான் சட்டம். குலுக்கலில் எனக்கு வடமலை கிடைத்தது, முதல் தரமான இடம். கோகிலாவுக்குக் கடைசியாக மிஞ்சிய ஆற்றூர், வருடா வருடம் வெள்ளம் வரும் கழிமுகம். ஆறு வருடத்தில் ஆற்றூரை எடுத்து உருப்பட்டவர் இல்லை.

சந்தையில் நான் கலக்கினேன். உப்பு, செம்பு, தேன் என்று சொல்லித் தண்டபாணியின் தலையில் வெள்ளத்தைக் கட்டினேன். "அடப்பாவி!" என்று அவன் கத்தியது ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

கோகிலா என்ன செய்தாள் தெரியுமா? மூன்றையும் உள்ளபடி சொன்னாள். "நெல்லுங்க, மணியுங்க, மூணாவது பஞ்சமுங்க." யார் வாங்குவார்கள்? பஞ்சம் அவள் கையிலேயே நின்றது. ஐந்து புளியங்கொட்டை செத்தது. டீ குடிக்கும்போது பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"மூணாவதுல பொய் சொல்றதுக்கு அனுமதி இருக்குது. அதுதான் விதி."

"அனுமதிதானுங்க. கட்டாயமில்லையே."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். படித்த பெண்களுக்கு ஆட்டம் வராது.

ஆடி 6, செவ்வாய்

தண்ணீர் வரும் நாள். நான்கு குடம், இரண்டு டிரம் பிடித்தேன். மாவு புளித்துப் பொங்கி பிரிட்ஜுக்குள் வழிந்திருந்தது. துடைத்து முடிப்பதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

ஆபீசில் மேசை டிராயரை ஒழித்தேன். அந்தக் கவர் அங்கேயே இருக்கிறது. இருக்கட்டும். ஆடியில் எந்த நல்ல காரியமும் தொடங்கக்கூடாது, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடி 9, வெள்ளி

மூன்று நாளாகப் போன் போடுகிறேன். மாமியார்தான் எடுக்கிறார். "குளிக்கறாளுங்க மாப்ளை." "கோயிலுக்குப் போயிருக்காளுங்க மாப்ளை." இன்று, "படிச்சுட்டு இருக்காளுங்க, கூப்புடட்டுங்களா?" வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் அலமாரியை இடது சுவரிலிருந்து வலது சுவருக்கு நகர்த்தினேன். சரியில்லை. திரும்ப இடதுக்கே நகர்த்தினேன்.

அவள் எதற்காகப் படிக்கிறாள் என்றால், தஞ்சாவூரில் கல்வெட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேர வேண்டிய கடைசித் தேதி ஆடி 29. பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டாள். நானும் அன்றே, "அதனால என்னங்க, நான் தஞ்சாவூருக்கு மாறுதல் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு சொன்னது. பிறகு ஆனியில் மாறுதல் சரிவரவில்லை என்றும் சொல்லியாகிவிட்டது. இதில் என் தப்பு என்ன இருக்கிறது? அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆடி 11, ஞாயிறு

எரிச்சலான நாள். முதலில் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், புளியங்கொட்டைக்கு என்ன கதி? யாரோ மேற்கு ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். முந்நூறு ஆண்டு நாகரிகம் பந்திக் கூடம் முழுக்கச் சிதறியது. எல்லாரும் குனிந்து பொறுக்கும்போது இன்னொரு வீச்சு வந்து வரைபடத்தின் ஓரத்தைத் தூக்கி மடக்கிப் போட்டது. வடமலைக்கு அடியில் என் முகம். ஆற்றூருக்கு அடியில் கோகிலா, மாலையோடு, தலை நிறையப் பூவோடு.

கோகிலா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "நல்ல பேனருங்க. வீணாப் போகாம ஒண்ணுக்காச்சும் ஆகுதே" என்று சொல்லி அவளே மடிப்பைப் பிரித்து நேராக விரித்துவிட்டாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெள்ளையாக இருந்தது, எடுத்தேன். அவ்வளவுதானே?

இரண்டாவது எரிச்சல் சந்தை. ஆற்றூர் மேசைக்கு முன்னால் கல்யாணப் பந்தி மாதிரிக் கூட்டம். கோகிலா பொய் சொல்லமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்துபோய்விட்டது. அவள் "நெல்லு" என்றால் நெல்தான். கேடு இருந்தால், "இதுல கேடு இருக்குதுங்க, வாங்கறதா இருந்தா எனக்கு ஒண்ணு கொறச்சே குடுங்க" என்கிறாள். அதையும் வாங்குகிறார்கள்! மருத்துவம் வாங்கி வைத்திருப்பவனுக்கு நோய் வந்தால் பாதிச் சேதம்தான், அவன் தெரிந்தே வாங்கிக்கொள்கிறான். இப்படி ஒரு கணக்கு ஆறு வருடத்தில் என் மண்டைக்கு எட்டவில்லை. ஆற்றூரில் இப்போது ஐந்து நகரம்.

என்னிடம் ஒருவரும் வரவில்லை. "உப்பு, செம்பு, பட்டு" என்று நான் கூவினேன். தண்டபாணி சிரித்துக்கொண்டே, "பட்டா? போன வாரம் தேனுன்னு சொன்னியே, இன்னும் என்ர தொண்டையில நிக்குது" என்று போய்விட்டான். அது பட்டுதான். உண்மையாகவே பட்டு. சொல்லியும் நம்பவில்லை.

ஆடி 13, செவ்வாய்

இன்றைக்கும் தகரம். கம்பி போட்டுக் கட்டினேன். இப்போது கம்பி கீச்சிடுகிறது.

ஆடி 18, ஞாயிறு

நோம்பி. ஆடிப் பெருக்கு என்பதால் மதியம் வரைக்கும்தான் ஆட்டம். கோகிலா சீக்கிரமே கிளம்பிவிட்டாள், அவள் அம்மாவோடு அமராவதி ஆற்றுக்குப் போகிறாளாம். புதுப்பெண்கள் இன்றைக்கு ஆற்றில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "பொம்பளைங்க போறதுங்க" என்றாள்.

வடமலையில் கலகம் இறங்கி மூன்று நகரம் போனது. தடுக்கச் சட்டம் வேண்டும், சட்டம் வாங்கச் சீட்டு வேண்டும், சீட்டுக் கொடுக்க ஆளில்லை. இதை எழுதுவதே வீண் வேலை. எழுத வேண்டியது வேறு.

மேசைகளைத் துணி போட்டு மூடும்போது ரங்கதுரை மட்டும் கூட இருந்தான். ஒரு மாதமாக அவன் என் கண்ணைப் பார்ப்பதில்லை என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"மூர்த்தி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதே."

"சொல்லு."

"ஆனிக் கடைசியில உன்ர வூட்டுக்கு ஆட்டத்து விதியைச் சரிபாக்க வந்தனல்ல? நீ பால் வாங்கப் போயிருந்தே. அப்ப உன்ர வூட்டம்மா கேட்டுச்சு, 'அவரு மாறுதல் விண்ணப்பத்துக்கு என்னண்ணா பதில் வந்துச்சு, எதனால தள்ளீட்டாங்க?'ன்னு. நான் வெவரம் தெரியாம, 'எந்த விண்ணப்பமுங்க?'ன்னுட்டேன்."

நான் துணியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

"நம்ம ஆபீசுல இருந்து போற ஒவ்வொரு கடுதாசியும் என்ர கை வழியாத்தானேடா போகுது. நீ குடுத்திருந்தா எனக்குத் தெரியாதா? அப்பறந்தான் அந்தப் புள்ள மொகத்தைப் பாத்தேன். வாயை விட்டுட்டனேன்னு ஆயிப்போச்சு."

"அவ என்ன சொன்னா?"

"'சரிங்கண்ணா'ன்னு சொல்லுச்சு. டீ போட்டுக் குடுத்துச்சு. சக்கரை போட மறந்துருச்சு."

நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வேப்பமரத்தில் தூரி கட்டிப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டேன் என்பது வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது.

ஆடி 19, திங்கள்

அப்படியென்றால் ஆடி 1க்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒப்புட்டு வைத்தாள். தெரிந்துதான் இரண்டு பெட்டி கட்டினாள். நான் தோளில் தூக்கிப்போய் வைத்தேன்.

அப்புறம் எதற்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள்? ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டாள், அதனால் வருகிறாள். வேறு காரணம் இருக்குமா என்று காலையிலிருந்து யோசித்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

கயிறு மாற்றினாளா, தெரியவில்லை.

ஆடி 21, புதன்

இன்று செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

டிராயரிலிருந்து அந்தக் கவரை எடுத்தேன். விண்ணப்பம் முழுக்க நிரப்பியது, தஞ்சாவூர் என்று என் கையாலேயே எழுதியது. கையெழுத்து மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். தேதியை ஆனி மாதத்துக்குப் போட்டேன். ரங்கதுரையிடம் கொண்டுபோய், "பழைய தேதியில ஒரு வரி பதிஞ்சு குடுத்துரு. கடுதாசி எங்கியோ தவறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். ஆறு வருடமாக என் பக்கத்து நாற்காலிக்காரன், என் கல்யாணத்தில் பந்தி பார்த்தவன்.

"உன்ர மூணாவது சீட்டைக் கொண்டாந்து என்ர தலையில கட்டறயா? போடா அக்கட்ட."

கழிப்பறைக்குப் போய்க் கிழித்துப் போட்டேன். தண்ணீர் ஊற்றியும் துண்டுகள் போகவில்லை. இரண்டு வாளி ஊற்ற வேண்டியிருந்தது.

ஆடி 22, வியாழன்

ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெளியே போனேன், வந்தேன், போனேன்.

ஆடி 25, ஞாயிறு

கடைசி நாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஆற்றூருக்கு எட்டு நகரம், தண்டபாணிக்கு எட்டு, எனக்கு இரண்டு. கோகிலா துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிப் போட்டிருந்தாள், கயிறு தெரியவில்லை. புதுக் கயிறு தெரிகிறதா என்று நான் எட்டி எட்டிப் பார்த்ததை ஆக்னஸ் டீச்சர் கவனித்து, "மூர்த்தி, அடுத்தவங்க சீட்டைப் பார்க்கக்கூடாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசிச் சந்தைக்குச் சீட்டு எடுத்தேன். உப்பு, செம்பு, கொள்ளைநோய். என்னிடம் மருத்துவம் இல்லை. மணி அடிக்கும்போது அது என் கையில் இருந்தால் வடமலை காலி.

பதினைந்து நிமிடம். எல்லா மேசைக்கும் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்கள். பேக்கரிக்கார சுலைமான் பாவம், "மன்னிச்சுக்குங்க தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இந்த விதியைப் போட்டவன் நான்.

மூன்று நிமிடம் இருக்கும்போது ஆற்றூர் மேசைக்கு முன்னால் நின்றேன். கோகிலா நிமிர்ந்தாள். நான்கு வாரத்தில் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"சொல்லுங்க."

"உப்பு" என்றேன். "செம்பு."

"மூணாவது?"

தேன் என்று சொல்லலாம். அவள் வாங்கினாலும் வாங்கியிருப்பாள், கட்டிய புருஷன் என்று. நாக்கு நுனி வரைக்கும் தேன் வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.

"கொள்ளைநோய்" என்றேன்.

பக்கத்து மேசையில் தலைகள் திரும்பின. ஆறு வருடத்தில் நான் மூன்றாவது சீட்டை உள்ளபடி சொன்னதில்லை. கோகிலா மட்டும் ஆச்சரியப்படவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ வரவேண்டியது இருப்பதுபோல் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"விண்ணப்பம் நான் குடுக்கவே இல்லை, கோகிலா. குடுத்தேன், தள்ளீட்டாங்கன்னு சொன்னதெல்லாம் பொய்."

"தெரியுமுங்க."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் போன வாரம்தான் தெரியும். ரங்கன் சொன்னான்."

"ஏனுங்க குடுக்கலை?"

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கென்று ஜோடித்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"பயம். இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். சர்வேயர் மூர்த்திம்பாங்க, ஆயிரமாண்டு மூர்த்திம்பாங்க. அங்க வந்தா நான் யாரு? நீ பெரிய படிப்பு படிப்பே. நான் உன்ர பையைத் தூக்கிட்டு வாசல்ல நிப்பேன். கோகிலவாணி வூட்டுக்காரன்னு எவனாச்சும் சொன்னாத்தான் உண்டு. இந்த மேசையை உட்டுட்டு வரவும் மனசில்லை. அவ்வளவுதான். இதுதான் நெசம்."

அவள் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் தனியாவே போயிருப்பன். இல்லீனா ரெண்டு வருசம் பொறுத்துக்கூட இருப்பன். பயம்னு சொன்னா நான் சிரிக்கவா போறேன்? பொய்யைக் கையில குடுத்துட்டா அதை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

நான் மூன்று சீட்டையும் நீட்டியபடியே நின்றிருந்தேன். அவள் பார்த்தாள்.

"இது உங்க நோயிங்க. நீங்களே வெச்சுக்குங்க."

ஆக்னஸ் டீச்சர் மணியை அடித்தார். வடமலையின் இரண்டு சோடா மூடியையும் நானே எடுத்து டப்பாவில் போட்டேன். தண்டபாணி வென்றான், ஆற்றூருக்கு இரண்டாவது இடம், நூலிழையில் போனது. கோகிலா கைதட்டினாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போனாள். என்னிடமும் சொன்னாள். "வர்றனுங்க" என்றாள். எங்கே, எப்போது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆடி 26, திங்கள்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பால்காரர்கூட, "எல்லாம் சரியாப் போயிருமுங்க" என்றார்.

ஆடி 28, புதன்

புது விண்ணப்பம் எழுதினேன். தஞ்சாவூர். இன்றைய தேதி. ரங்கதுரை முத்திரை குத்திப் பதிந்துகொண்டான். இந்த வருடத்து மாறுதலெல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த வருடம்தான் பார்ப்பார்கள். கிடைக்காமலும் போகலாம். ஆடியில் தொடங்கிய காரியம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆடி 29, வியாழன்

கடைசித் தேதி. அவள் போனாளா இல்லையா என்று தெரியாது. போனை எடுத்து எடுத்து வைத்தேன். கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பது?

வீட்டைக் கழுவிவிட்டேன். திரைச்சீலைகளை அலசினேன். கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டேன், இரண்டு தடவை.

ஆடி 31, சனி

நாளைக்கு ஆவணி பிறக்கிறது. புருஷன் போய்ப் பெண்டாட்டியை அழைத்து வரும் நாள். வழக்கப்படி போகிறேன். வரமாட்டேன் என்று அவள் சொன்னால், அதைக் காதால் கேட்டுவிட்டாவது வருகிறேன். இந்த வீட்டுக்குள் இன்னும் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆவணி 1, ஞாயிறு

தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். திண்டுக்கல் வழியாக ஊருக்குப் போகும் வண்டி இன்னும் வரவில்லை.

காலை எட்டரைக்கு மடத்துக்குளம் போனேன். தட்டில் பூ, பழம், வெற்றிலை. மாமியார் தட்டை வாங்கி வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவ புதன்கிழமையே தஞ்சாவூர் போயிட்டாளுங்களே மாப்ளை. ஆஸ்டல்ல சேந்துட்டா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும் என்று சொல்லியிருந்தால் மானம் பிழைத்திருக்கும். "தெரியாதுங்க அத்தை" என்றேன்.

"மாப்ளைகிட்டச் சொல்லீட்டயா கண்ணுன்னு கேட்டேன். அவரா வந்து கேட்டா சொல்லுன்னா."

காப்பி குடிக்காமல் கிளம்பினேன். பழனி, திண்டுக்கல், திருச்சி. பஸ்ஸில் ஒரு நிமிடம்கூட ஒழுங்காக உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர் மூன்று தடவை, "எறங்கணுமா சார்?" என்று கேட்டார். என்ன பேசுவது என்று யோசித்ததெல்லாம் திருச்சி தாண்டியதும் மறந்துபோனது.

விடுதி வாசலில் ஐந்து மணி. காவலுக்கு ஓர் அம்மா, மேசை மேல் ஒரு பதிவேடு. பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு என்று பலகை தொங்கியது. கோகிலவாணி என்று சொன்னேன். உள்ளே ஆள் அனுப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எட்டு மணி நேரம் பஸ்ஸில் கசங்கிய வேட்டி சட்டை.

"யாரு சார் நீங்க? சொந்தக்காரங்கள மட்டும்தான் உள்ள விடுவோம். அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

புருஷன் என்று நான் சொல்லலாம். சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தெரியாததைச் சொல்லக்கூடாது என்று நின்றேன். வெறுங்கையோடு, உள்ளே போகிற வருகிற பெண்கள் எல்லாம் பார்க்க, வாசலில் நின்றேன்.

கோகிலா படியிறங்கி வந்தாள். கை முழுக்கக் கல்வெட்டுப் படியெடுக்கும் கறுப்பு மை. என்னைப் பார்த்ததும் நடை நின்றது.

"எதுக்குங்க வந்தீங்க?"

"கூட்டிட்டுப் போகத்தான் மடத்துக்குளம் போனேன். இங்க பாக்கத்தான் வந்தேன். பாத்தாச்சு. போகச் சொன்னாப் போயிடறேன்."

காவல் அம்மாவுக்குப் பொறுமை இல்லை. பேனாவைத் தட்டினார். "யாருன்னு சொல்லும்மா, எழுதணும்."

கோகிலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஆயிரம் ஆண்டுதான்.

"எங்க வூட்டுக்காரருங்க" என்றாள்.

என் பெயரை யாரும் கேட்கவில்லை. 'கோகிலவாணி, கணவர்' என்று எழுதிக்கொண்டு ஆறு மணி வரைக்கும் உள்ளே விட்டார்கள்.